22 எழுத்து, 31 வருஷம்

ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு புழு. மக்கிய குப்பையில் வாசம், பாக்டீரியா ஆகாரம், கண்ணாடி மாதிரி உடம்பு. பிறந்த மூன்றே நாளில் பெரிய மனுஷியாகி, மாப்பிள்ளை தேடும் சிரமம்கூட இல்லாமல் தனக்குத்தானே கருத்தரித்து, முந்நூறு முட்டை போட்டுவிடும். பெயர் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். பெயரின் நீளத்துக்கும் ஆளின் நீளத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

1960-களில் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் என்றொரு மகா புத்திசாலி இருந்தார். டி.என்.ஏ. ரகசியத்தை உடைத்த கோஷ்டியில் முக்கியப் புள்ளி. எதை வேண்டுமானாலும் ஆராயலாம், கேட்க ஆளில்லை என்கிற அந்தஸ்து. அப்பேர்ப்பட்டவர் பிரிஸ்டல் நகரத்துக் காளான் உரத்திலிருந்து கிடைத்த இந்தப் புழுவைத் தட்டில் போட்டுக்கொண்டு, 'இனிமேல் இதுதான்' என்று உட்கார்ந்துவிட்டார். 2002-ல் அவருக்கு நோபல் பரிசு வந்தபோது, இந்த ஆண்டின் நாலாவது பரிசாளர் சந்தேகமில்லாமல் இந்தப் புழுதான் என்று மேடையிலேயே சொன்னார். கௌரவம் முழுக்க அதற்கே என்றார். பணத்தில் மட்டும் பங்கு கிடையாதாம். எல்லா மேனேஜர்களும் அப்படித்தான்!

புழு ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு தனி ரகம். முழு வளர்ச்சி அடைந்த புழுவின் உடம்பில் 959 செல்கள். அதில் ஒவ்வொன்றும் எந்தச் செல்லிலிருந்து பிறந்தது, அது எதிலிருந்து பிறந்தது என்று மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து வம்சாவளி எழுதினார் ஜான் சல்ஸ்டன். நம்மில் பாதிப் பேருக்குக் கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கேட்டால் விழி பிதுங்கும்.

இந்த வட்டாரத்துக்குள்தான் 1980-களில், எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஹார்விட்ஸ் என்பவரின் லேபில், நம் கதாநாயகர்கள் இருவர் வேலை பார்க்கிறார்கள். புற்றுநோய் ஆராய்ச்சியையே புரட்டிப்போடப் போகிறவர்கள். ஆனால் அவர்கள் மனதில் புற்றுநோயும் இல்லை, புரட்டுகிற உத்தேசமும் இல்லை.

விக்டர் ஆம்ப்ரோஸ், வெர்மான்ட் மாநிலத்துப் பண்ணை வீட்டுப் பையன். அப்பா இரண்டாம் உலகப் போரின் அலைக்கழிப்பில் போலந்திலிருந்து வந்து சேர்ந்தவர். பையன் அமைதியான டைப். கேரி ருவ்குன் நேர் எதிர். பெர்க்லியில் டிகிரியை வாங்கினார், ஆரிகன் காட்டில் மரம் நடும் கூட்டுறவில் சேர்ந்து கன்று நட்டார், பிறகு தென் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பிவிட்டார். பொலிவியாவில் கிடைத்த பழைய 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழ்களைப் படித்துத்தான் 'அட, விஞ்ஞானத்துக்கே திரும்பலாம் போலிருக்கிறதே' என்று தோன்றியதாம். பழைய பேப்பர்காரர் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் ஒரு நோபல் பரிசு எடைக்குப் போயிருக்கும்.

லேபில் இரண்டு வினோதப் புழுக்கள் இருந்தன. சாதாரணமாக, புழுக் குழந்தை பெரியவளாக நாலு வகுப்பு படிக்க வேண்டும். லின்-4 என்ற மரபணு கெட்டுப்போன புழு முதல் வகுப்பிலேயே மறுபடி மறுபடி உட்காரும். உடம்பு வளரும், வயசு ஆகும், ஆனால் செல்களுக்கு எப்போதும் எல்.கே.ஜி.தான். முட்டை வெளியே வரும் வழிகூட உருவாகாது, உள்ளேயே குஞ்சு பொரித்துவிடும். லின்-14 என்ற இன்னொரு மரபணு செயலிழந்த புழுவோ தலைகீழ். முதல் வகுப்பையே தாண்டி டபுள் புரமோஷன்! லின்-14-ஐ அடக்கி வைக்கிற வாத்தியார்தான் லின்-4 என்று ஆம்ப்ரோஸ் கண்டுபிடித்தார். எப்படி அடக்குகிறார் என்பதுதான் தெரியவில்லை.

லேபை விட்டுக் கிளம்பும்போது இருவரும் பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். லின்-4 உனக்கு, லின்-14 எனக்கு. ஆம்ப்ரோஸ் ஹார்வர்டுக்குப் போனார், ருவ்குன் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு. வாய்க்கால் தகராறு, வேலிச் சண்டை எதுவுமில்லாமல் முடிந்த மிக அபூர்வமான பாகப்பிரிவினை.

இனி வருவது பெருமைக்காரர்களின் கதை. அந்தக் காலத்து உயிரியலில் புரதம்தான் ராஜா. டி.என்.ஏ. என்பது சமையல் புத்தகம், ஆர்.என்.ஏ. என்பது அதிலிருந்து ஒரு பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடுகிற எடுபிடி, புரதம்தான் விருந்து. ஒரு மரபணு இன்னொன்றை அடக்குகிறது என்றால் ஒரு தாட்டியான புரதத்தை அனுப்பித்தான் அடக்கும். எடுபிடிக்கு அதிகாரம் உண்டென்று நினைப்பதே அநாகரிகம்.

ஆகவே ஆம்ப்ரோஸின் லேபில் ரோசலிண்ட் லீயும் ரோண்டா ஃபைன்பாமும் லின்-4 செய்கிற புரதத்தைத் தேட ஆரம்பித்தார்கள். லீ, ஆம்ப்ரோஸின் மனைவியும்கூட. பெரிய துண்டு டி.என்.ஏ.வை வெட்டி, சின்னதாக்கி, இன்னும் வெட்டி, சுமார் 700 எழுத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தத் துண்டை நோயாளிப் புழுவுக்குக் கொடுத்தால் பிழைக்கிறது. ஆனால் அதற்குள் புரதத்துக்கான செய்முறையே இல்லை. சரி, புரதம் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று நினைத்து எழுத்துகளை வேண்டுமென்றே குளறுபடி செய்து பார்த்தார்கள். எந்தப் புரதமாக இருந்தாலும் உருத்தெரியாமல் போயிருக்க வேண்டும். லின்-4 அசரவில்லை. திருத்தவே முடியாதபடி கெடுத்த விடைத்தாளுக்கும் நூற்றுக்கு நூறு வாங்கியது.

கடைசியில் கையில் சிக்கியது இரண்டு ஆர்.என்.ஏ. துணுக்குகள். ஒன்று 61 எழுத்து, இன்னொன்று வெறும் 22 எழுத்து. சாதாரண ஆர்.என்.ஏ. ஆயிரக்கணக்கான எழுத்தில் இருக்கும். 22 எழுத்து என்பதை அந்நாளில் எந்த லேபிலும் 'சிதைந்துபோன தூசு' என்று கழுவிவிடுவார்கள். ஜெல்லில் ஓடவிட்டால் முதல் ஆளாக ஓடி அடிவழியாக வெளியேறிவிடுகிற சைஸ். உலகமெங்கும் எத்தனை லேபின் சிங்க்கில் எத்தனை நோபல் பரிசு போனதோ!

இதற்கு நடுவில் ஹார்வர்டு தன் பங்கைச் செய்தது. அங்கே நிரந்தர வேலை வேண்டுமென்றால் ஒரு பெரிய கமிட்டி கூடி, இந்த ஆள் நமக்கு லாயக்கா என்று தீர்மானிக்கும். ஆம்ப்ரோஸ் லாயக்கில்லை என்று தீர்ந்தது. 1992-ல் அவர் பெட்டி படுக்கையோடு டார்ட்மத் கல்லூரிக்குக் கிளம்பினார். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று கமிட்டியில் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. நல்லவேளை, ருவ்குன் ஹார்வர்டு வட்டாரத்திலேயே தங்கிவிட்டார். பிற்காலத்தில் பாதிக் கொண்டாட்டமாவது அவர்களுக்கு மிஞ்சியது.

அதே 1992-ல் ஒருநாள் இரண்டு நண்பர்களும், இன்னும் எங்கேயும் வெளியிடாத எழுத்து வரிசைகளைப் பரிமாறிக்கொண்டார்கள். போட்டி லேபுக்குத் தன் டேட்டாவைக் கொடுப்பதா? அக்கம்பக்கத்தில் சொன்னால் நம்ப மாட்டார்கள். லின்-14 அனுப்புகிற எடுபிடி ஆர்.என்.ஏ.வுக்கு ஒரு நீண்ட வால் உண்டு. புரதத்துக்கு அது தேவைப்படாது, சும்மா தொங்கும். அந்த வாலில் ஏழு இடங்களில் லின்-4-இன் எழுத்துகள் ஜோடி சேர்ந்தன. இவர் இங்கே பார்க்கிறார், அவர் அங்கே பார்க்கிறார், இருவருக்கும் ஒரே சமயத்தில் பொறி தட்டுகிறது. போனில் ஒருவருக்கொருவர் எழுத்துகளை வாசித்துச் சரிபார்த்துக்கொண்டார்கள். ஆக, அதட்டி உட்காரவைத்த வாத்தியார் புரதமே இல்லை. எடுபிடியின் வாலைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு குட்டி எடுபிடி!

1993 டிசம்பரில் 'செல்' இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள். உலகம் அதிர்ந்ததா? ஒரு கொட்டாவிகூட விடவில்லை. 'புழுவுக்கு மட்டும் உரிய ஏதோ ஒன்று' என்று தாண்டிப் போய்விட்டார்கள். லின்-4-ஐ மனிதரிலும் மற்ற பெரிய பிராணிகளிலும் தேடியவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. அவ்வளவுதான், ஃபைல் குளோஸ்டு. ஏழு வருஷம்!

இத்தனைக்கும் 1990-லேயே கலிஃபோர்னியாவில் பெட்யூனியாப் பூக்கள் கதறிக்கொண்டிருந்தன. ரிச்சர்ட் ஜோர்கென்சன் என்ற தாவர விஞ்ஞானி, ஊதாப் பூவை இன்னும் கரும் ஊதாவாக்க ஆசைப்பட்டு, நிறம் தரும் மரபணுவை எக்ஸ்ட்ராவாக ஒன்று செருகினார். பூ வெள்ளைவெளேரென்று பூத்தது. ஃபேர்னஸ் கிரீம் கம்பெனிகள் இதைப் படித்திருந்தால் விட்டிருக்காது. இரட்டை இழை ஆர்.என்.ஏ. மரபணுவின் வாயை அடைத்துவிடும் என்று 1998-ல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரேக் மெல்லோவும் அதே புழுவில் காட்டிய பிறகுதான் பூவின் கோளாறு புரிந்தது. அவர்களுக்கு எட்டே வருஷத்தில், 2006-ல், நோபல் வந்தது. அவர்களுக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே குட்டி ஆர்.என்.ஏ.வைப் பிடித்தவர்கள் டிவியில் பார்த்துக் கை தட்டினார்கள். பிற்பாடு ஆம்ப்ரோஸ் போய்ச் சேர்ந்த வேலை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில். அங்கே ஏற்கெனவே இருந்த சக ஊழியர் யார் என்கிறீர்கள்? கிரேக் மெல்லோ. காரிடாரில் தினமும் நோபல் பரிசுக்குக் குட் மார்னிங் சொல்ல வேண்டிய நிலை!

திருப்பம் 2000-ல். ருவ்குன் லேபில் லெட்-7 என்ற இரண்டாவது குட்டி அகப்பட்டது. 21 எழுத்து. இந்தத் தடவை தேடினால், ஈயில் இருக்கிறது, மீனில் இருக்கிறது, கடல் முள்ளெலியில் இருக்கிறது, மனிதனில் அச்சு அசலாக இருக்கிறது. புழுவைக் கேலி செய்த ஒவ்வொரு பேராசிரியரின் உடம்பிலும், கேலி செய்த அந்த நிமிஷத்தில்கூட, அது மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2001-ல் மூன்று லேபுகள் ஒரே இதழில் டஜன் கணக்கில் புதுக் குட்டிகளை அறிவித்து, எல்லாவற்றுக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர் சூட்டின. குப்பை என்று தள்ளியிருந்த டி.என்.ஏ. பகுதிகளில் திடீரென்று ரியல் எஸ்டேட் விலை ஏறியது. சிங்க்கில் கொட்டியவர்கள் எல்லாம் சிங்க் வடிகட்டி வாங்க ஓடினார்கள்.

இங்கேதான் புற்றுநோய் வருகிறது. கூடவே கார்லோ க்ரோச்சியும் வருகிறார். இத்தாலிக்காரர், ரோமில் மருத்துவம் படித்து அமெரிக்காவுக்கு வந்தவர். குரோமோசோம்கள் உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் ரத்தப் புற்றுநோய் எப்படி வருகிறது என்று கண்டுபிடித்த நிஜமான பெரிய ஆள். வீட்டுச் சுவரெல்லாம் பரோக் காலத்து இத்தாலிய ஓவியங்கள். லேபும் வீடும் ராஜ தோரணைதான்.

நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய் என்று ஒன்று உண்டு. அதில் பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு 13-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். அந்தத் துண்டில் புற்றுநோயைத் தடுக்கும் ஒரு புரத மரபணு இருந்தாக வேண்டும் என்று பல லேபுகள் வருஷக்கணக்கில் சல்லடை போட்டன. புரதமே கிடைக்கவில்லை. 2002-ல் க்ரோச்சி லேபில், ருமேனியாவிலிருந்து வந்த ஜார்ஜ் காலினும் கூட்டாளிகளும் பார்த்தால், அங்கே தொலைந்து போயிருந்தது மிர்-15, மிர்-16 என்ற இரண்டு குட்டி ஆர்.என்.ஏ.க்கள்! ரோசலிண்ட் லீ பத்து வருஷம் முன்பு புழுவில் பட்ட அதே பாடு, அதே முடிவு. மனுஷன் தப்பு செய்தாலும் ஒரிஜினலாகச் செய்ய மாட்டான் போலிருக்கிறது.

அடுத்து லெட்-7. ஜப்பானில் நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகளைச் சோதித்தவர்கள், பலவற்றில் லெட்-7 குறைந்திருப்பதையும், அது குறைந்தவர்கள் சீக்கிரம் இறப்பதையும் 2004-ல் கவனித்தார்கள். ருவ்குன் லேபில் லெட்-7-ஐக் கையாண்ட ஃபிராங்க் ஸ்லாக், பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு 2005-ல் காரணத்தைச் சொன்னார். ராஸ் என்று ஒரு மரபணு உண்டு. செல்லைப் 'பெருகு, பெருகு' என்று உசுப்பிவிடும். அதன் வாலைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பது லெட்-7. பிடி தளர்ந்தால் செல் பெருகிக்கொண்டே போகும், வளர்ந்து பொறுப்பான வேலைக்குப் போகாது. அடடா, இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே? எல்.கே.ஜி.யை விட மறுத்த அதே புழு! புற்றுநோய்ச் செல்லுக்கும் அந்தப் புழுவுக்கும் வியாதி ஒன்றுதான், பெரியவனாக மாட்டேன் என்கிற பிடிவாதம்.

சரி, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்றால் நல்லவர், புற்றுநோயைத் தடுக்கும் போலீஸ்காரர் என்று முடிவு கட்டலாமா? அதே 2005-ல் இன்னொரு கோஷ்டி மிர்-17-92 என்ற குட்டிக் கூட்டத்தைப் பிடித்தது. அது எலிகளில் லிம்போமாப் புற்றுநோயை வேகமாக வளர்த்துவிட்டது. போலீஸும் திருடனும் ஒரே குடும்பம்! கட்டுரைகள் வெள்ளமாகக் கொட்டின. ஏழு வருஷம் கொட்டாவிகூட விடாத விஞ்ஞானம், இப்போது மூச்சு விடவும் மறந்து எழுதியது. 'ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்த்தால் புற்றுநோயை முன்கூட்டியே சொல்லிவிடலாம்' என்று ஒரு லேப் ஒரு பட்டியல் வெளியிடும், அடுத்த லேபின் பட்டியலுக்கும் அதற்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. ஒரே பெண்ணுக்கு ரெண்டு ஜோசியர் எழுதிய ஜாதகம் மாதிரி.

வேகத்தின் பில் பிறகுதான் வரும். 2017-ல் நியூயார்க் டைம்ஸ், க்ரோச்சி லேபிலிருந்து வந்த கட்டுரைகள் பற்றிய புகார்களை விரிவாக எழுதியது. அவர் மறுத்தார், அவதூறு வழக்குப் போட்டார், தோற்றார். அவர் வேலை பார்த்த ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் விசாரித்து, மோசடி அவர் செய்ததாகச் சொல்லவில்லை. அவர் லேபில் வேலை பார்த்த இருவர் செய்ததாகத் தீர்மானித்தது. அவருடைய மேற்பார்வை சரியில்லை என்று சொல்லி, வகித்துவந்த கௌரவப் பதவியைப் பறித்தது. பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. உச்சகட்டமாக, அவருக்காக வாதாடிய வக்கீல்களே ஃபீஸ் பாக்கிக்காக அவர்மேல் கேஸ் போட்டார்கள். மிர்-15-உம் 16-உம் மட்டும் இந்தக் களேபரத்தில் அசையவில்லை. அவை உண்மை, இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன.

ஒரு பாராவுக்கு மட்டும் கிண்டலை ஓரம் வைப்போம். 'உடம்பில் குறைகிற மைக்ரோ ஆர்.என்.ஏ.வை ஊசியில் ஏற்றினால் என்ன?' என்ற யோசனை நியாயமானது. மிர்-34 என்ற குட்டி, பி53 என்ற புகழ்பெற்ற புற்றுநோய்க் காவலனின் அடியாள் என்று 2007-ல் பல லேபுகள் ஏககாலத்தில் காட்டின. டெக்சாஸில் ஒரு கம்பெனி அதைச் செயற்கையாகச் செய்து, கொழுப்புக் குமிழியில் அடைத்து, 2013-ல் நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. 85 பேர். சிலருக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தி கட்டுமீறிப் பொங்கியது. இறப்புகள் நேர்ந்தன. 2016-ல் நிறுத்திவிட்டார்கள். ஒரு குட்டி ஆர்.என்.ஏ. ஒரே ஒரு வாலைப் பிடிப்பதில்லை, நூற்றுக்கணக்கான வால்களைப் பிடிக்கிறது. எந்த வால் எங்கே போய் முடிகிறது என்று முழுக்கத் தெரியுமுன்பே இழுத்தாயிற்று.

2024 அக்டோபர் 7. ஸ்டாக்ஹோமிலிருந்து நோபல் கமிட்டிக்காரர் போன் அடிக்கிறார். ருவ்குன் வீட்டில் மனைவி எடுத்தார். அமெரிக்காவில் அப்போது விடிந்திருக்கவில்லை. ஐயா தூக்கக் கலக்கத்தோடு போனுக்கு வந்து சேர ரொம்ப நேரம் பிடித்ததாம். 31 வருஷம் காத்திருந்தவருக்குச் செருப்பைத் தேட ஐந்து நிமிஷம் ஆகாதா! ஆம்ப்ரோஸ் போனையே எடுக்கவில்லை. வாய்ஸ் மெயிலில் 'தயவுசெய்து கூப்பிடவும்' ரகத்தில் சேதி விட்டுவிட்டு, பரிசை உலகத்துக்கு அறிவித்துவிட்டார்கள். அன்றைய தேதியில் புற்றுநோய்க்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து ஒன்றுகூடக் கடைக்கு வந்திருக்கவில்லை. கமிட்டி அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. இது வைத்தியத்துக்கான பரிசு இல்லை, புரிதலுக்கான பரிசு.

அன்றே ஒரு ரகளையும் நடந்தது. ஆம்ப்ரோஸும் ரோசலிண்ட் லீயும் சேர்ந்து கொண்டாடும் படத்தை நோபல் அமைப்பு சமூக ஊடகத்தில் போட்டு, 'இவர் அவருடைய சக ஆய்வாளர், மனைவி, பரிசுக்குக் காரணமான 1993 கட்டுரையின் முதல் ஆசிரியரும் இவரே' என்று பெருந்தன்மையாக எழுதியது. ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். முதல் பெயர் அவருடையது என்றால் பரிசில் பெயர் எங்கே? ஒரு நோபலை மூன்று பேர் வரை பங்கிடலாம் என்பது விதி. கொடுத்தது இரண்டு பேருக்கு. மூன்றாவது நாற்காலி அங்கேயே, காலியாக, துடைத்துச் சுத்தமாக இருந்தது. விதியை மீற வேண்டிய அவசியம்கூட இல்லை!

ருவ்குன் இதற்குள் வேறு வேலையில் இறங்கியிருந்தார். செவ்வாய் கிரகத்துக்கு டி.என்.ஏ. படிக்கும் கருவியை அனுப்பி அங்கே உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று பல வருஷமாக ஒரு திட்டம் வைத்திருக்கிறார். அகப்பட்டாலும் அகப்படும். அப்படி ஏதாவது கிடைத்துக் கட்டுரை எழுதி அனுப்பினால் முதல் விமர்சகர் என்ன எழுதுவார் என்று இப்போதே சொல்லிவிடலாம்: 'இது செவ்வாய்க்கு மட்டும் உரிய ஏதோ ஒரு விநோதம்.'